பத்து போலீஸுக்குச் சமம்

அந்த ஸ்டூல்ல வேணாண்ணா, கிரீஸ் கீது. இந்தப் பக்கம் வாங்க. தோ, இந்த சீட்டு, பழைய வண்டியிலேர்ந்து கழட்டுனதுதான், ஆனா மெத்துனு இருக்கும். டீ சொல்லிட்டேன், வரும். ஃபுட்டேஜ்தானே கேக்கறீங்க, காட்டறேண்ணா. அம்மையார்குப்பத்துலேர்ந்து தறிய நிறுத்திட்டு வந்துருக்கீங்க, காட்டாம அனுப்பிடுவேனா? பத்து வருசமா உங்க டிவிஎஸ் நம்ம கையிலதான் ஓடுது. மொதல்ல மூச்சு வாங்குங்க.

அண்ணிக்கு எப்படிக் கீது? இன்னும் கண்ணு தொறக்கலயா? ஒம்போது நாளாச்சே. யா அல்லா. டாக்டரு இன்னாதான் சொல்றாரு? ஆங். ஆங். மண்டையில அடின்னா அப்படித்தாண்ணா, மெதுவாத்தான் தெளியும். எங்கூட்டு ரம்ஜான் பீ அஞ்சு வேளையும் ஜெயம்மாள் அக்காவுக்குத்தான் துவா கேட்டுகினு கீறா.

இன்னாது, ஸ்டேஷன்ல இன்னும் மயக்கம்னுதான் எழுதி வெச்சிருக்காங்களா? நம்ம கடைக்கு எதிர்ல வெயில்ல நடந்தாங்க, மயங்கி வுழுந்தாங்க, கல்லு மேல தலை பட்டுச்சு, தாலிச் சரடு எங்கயோ வுழுந்து போச்சு. நல்லாக் கீது கதை. சரடு தானா கழண்டு பஸ் ஏறிப் போயிடுச்சாமா? கழுத்துல அவ்ளோ நீளத்துக்குக் காயம், அது எப்படி வந்துச்சாம்? படம் இருந்தாதான் வழிப்பறின்னு மாத்தி எழுதுவாங்களா? சொல்லுவாங்கண்ணா, சொல்லுவாங்க. அவங்களையும் ரொம்ப திட்டறதுக்கில்ல. ஆளு எங்க கீது? கிருத்திகைன்னா பாதிப் பேரு மலைக்கோயில் பந்தோபஸ்துக்குப் போயிடறாங்க. அமைச்சரு வர்றாருன்னா மீதிப் பேரு ரோட்டோரம் நிக்கறாங்க. ஒரு ஜீப்பு, அது நம்ம கடை வாசல்ல நின்னுபோயி நாங்க நாலு பேரு சேந்து தள்ளி வுட்டோம்.

அதுக்குத்தான் இந்தக் கேமராவே. மூணு வருசத்துக்கு முன்னாடி இருந்த இன்ஸ்பெக்டரு, நல்ல மனுசன், வியாபாரிங்க எல்லாரையும் கூப்ட்டு ஒக்கார வெச்சுப் பேசுனாரு. ஆளுக்கு ஒரு கேமரா ரோட்டப் பாத்து வைங்க, ஒரு கேமரா பத்து போலீஸுக்குச் சமம்னாரு. கை தட்டுனோம். எனக்கு சால்வ போட்டு போட்டோ கூடப் புடிச்சாங்க. அன்னிலேர்ந்து முக்தார் அகமது பத்து போலீஸு. தொப்பிதான் குடுக்கல.

சால்வயக்கூட மடிச்சு வெக்கல, அதுக்குள்ள ஒரு செல்போன் பறிச்ச கேஸு. பறிச்சவன் நம்ம கேமராவுலதான் மாட்டுனான். போலீஸு அத பென்டிரைவுல ஏத்திகினு போவும்போது ஒரு பேப்பர நீட்டுனாங்க. கேமரா என்னுது, படம் உண்மை, இங்க ஒரு கையெழுத்துன்னாங்க. போட்டேன். போட்ட கையோட சாட்சி ஆயிட்டேண்ணா. பதினோரு வாய்தா! கடைய மூடிகினு கோர்ட்டுக்குப் போவேன். ஒருநாள் வக்கீல் வரல. ஒருநாள் ஜட்ஜு லீவு. ஒருநாள், ஜாமீன்ல சுத்தற அவனுக்குக் காய்ச்சல்னாங்க. அன்னிக்கு சாயங்காலமே எதிர்ல நின்னு பஜ்ஜி தின்னுகினு இருந்தான். பாய், அடுத்த வாய்தாவுக்கு என் வண்டியிலயே வந்துடேன், எதுக்கு ரெண்டு பெட்ரோலுங்கறான்! நான் சிரிக்கறதா அழுவறதா?

சிரிச்சேன். அதுக்கப்புறம் போன மாசம் ஒருநாள் பஞ்சர் ஒட்டணும்னு வந்தான். கேமராவையே பாத்துகினு சொல்றான், ருக்ஸார் தினம் ஆறு நாப்பது ட்ரெயினுக்குத்தானே போவுது, கூட்டமா இருக்குமே, பாத்துப் போவச் சொல்லு பாய்னு. என் பொண்ணுண்ணா. மெட்ராஸ்ல காலேஜு படிக்கறா. அவ பேரு அவன் வாயில வருதுண்ணா. அன்னிலேர்ந்து காலையில நானே ரயிலடிக்குக் கொண்டு போயி ஏத்தறேன், சாயங்காலம் நானே போயி இட்டுகினு வர்றேன். ஏன் வாப்பா, எனக்கு இன்னா ஆறு வயசான்னு சண்ட புடிக்கறா.

சொல்லாம இருப்பேனா? போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னேண்ணா. மிரட்டுனதுக்கு ஆதாரம் இன்னா பாய், உன் கேமராவுல பேச்சு வராதேன்னாங்க. வூட்டுக்கு வந்துட்டேன்.

இப்ப உங்கூட்டு விசயம் ஆனதுலேர்ந்து கட்சிக்காரங்க வேற. மொதல்ல எதிர்க்கட்சி, நம்ம தேசப்பன். குத்தம் பெருகிப் போச்சு, போலீஸ்ல ஆளே போடல, அந்தம்மா போட்டோவ பேனர்ல போட்டாச்சு, ஃபுட்டேஜ மட்டும் குடு பாய், கூட்டத்துல பெரிய ஸ்க்ரீன்ல ஓட்டறோம்ங்கறாரு. அவரு டீ குடிச்ச கிளாஸக்கூடக் கழுவல, அதுக்குள்ள ஆளுங்கட்சி சந்திரமோகன் வந்து நிக்கறாரு. போன வருசத்துக்கு இந்த வருசம் குத்தம் கொறஞ்சிடுச்சு, ஊரெல்லாம் கேமரா வெச்சதே நாங்க, அந்தம்மாவுக்கு சக்கர கீதாமே, மயக்கமாத்தான் இருக்கும், எதுக்கும் ஃபுட்டேஜ யாருக்கும் குடுக்காம பத்திரமா வெய்யின்னு தோள்ல கை போட்டுகினு சொல்றாரு. ராத்திரியானா டிவியில ரெண்டு கட்சியும் கத்துது. ஒருத்தனுக்கு நம்பரு ஏறணும், ஒருத்தனுக்கு எறங்கணும். அண்ணி கண்ணு முழிச்சாங்களான்னு ஒருத்தன் கேக்கலண்ணா. ரெண்டு பேருக்கும் சரி சரின்னு தலையாட்டி அனுப்பி வெச்சேன்.

டீ ஆறுது பாருங்க. குடிங்க.

சரி. காட்டறேன். இந்தாங்க, செல்லுலயே கீது. செவ்வாக்கெழம, பன்னெண்டு நாப்பத்தஞ்சுலேர்ந்து. நல்லாப் பாருங்க. ஆங், அது செவுருதாண்ணா. நம்ம கடை செவுரு. மேல கொஞ்சம் வானம். ஒரு காக்கா வரும், தோ, போயிடுச்சு. அவ்ளோதான். சாயங்காலம் வரைக்கும் இதான் ஓடும்.

ரிப்பேரெல்லாம் இல்ல. நாந்தாண்ணா திருப்புனேன். அவன் என் பொண்ணு பேரு சொன்ன அன்னிக்கே, தொடப்பக் கட்டையால தள்ளித் தள்ளி. அவன் ரோட்டுல நின்னு பாத்துகினே இருந்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னான். அப்புறம் போதும் பாய்னுட்டுப் போயிட்டான். போலீஸு லிஸ்ட்டுல மட்டும் என் கேமரா இன்னும் ரோட்டப் பாத்துகினு கீது. யார்கிட்ட சொல்றது? சொன்னா, ஏன் திருப்புன, உனக்கும் அவனுக்கும் இன்னா சம்பந்தம்னு மொதல்ல என்னத்தான் ஒக்கார வெப்பாங்க. என் பேரக் கேட்டா டிவியில வேற இன்னா இன்னா சேத்துப் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். சொல்லலன்னா, நீங்க இப்படி வந்து நிக்கறீங்க. ஒம்போது நாளா சோறு எறங்கல, தூக்கம் இல்ல, கடைய மூடிட்டுப் போவவும் தெரியல. எலிப்பொறிதாண்ணா இது.

அய்ய, இன்னா எழுந்துட்டீங்க? கைய வுடுங்கண்ணா. பொண்ணப் பெத்தவன் வேற இன்னா பண்ணுவ பாய்னு நீங்க சொல்லாதீங்க. திட்டுங்க. செருப்பக் கழட்டி அடிங்க, வாங்கிக்கறேன். ஒக்காருங்க. பஸ்ஸு போனா போவட்டும், நானே கொண்டாந்து வுடறேன். ஒக்காருங்கண்ணா, கெஞ்சிக் கேக்கறேன்.

போலீஸு வந்தாங்க, கேமராவுல இன்னா கீதுன்னாங்க, எடுத்து வெக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். கட்சிக்காரங்களும் அதான் கேட்டாங்க. நீங்களும் அதான் கேட்டீங்க. நீ இன்னா பாத்தன்னு என்ன ஒருத்தரும் கேக்கல.

அன்னிக்கு ஷட்டர பாதி எறக்கிட்டு, அங்க, அந்த டயருங்க பக்கத்துல கீழ ஒக்காந்து சோறு தின்னுகினு இருந்தேன். அவந்தாண்ணா. அவனேதான். வண்டிய அவன் ஓட்டுனான், பின்னாடி இருந்தவன் இழுத்தான். இந்த எடத்துல கேமரா பாக்காதுன்னு அவனுக்குத்தானே தெரியும். சரடு லேசுல அறுந்து வரல, கொஞ்ச தூரம் அண்ணியையும் சேத்து இழுத்துகினு போனாங்க. வுழுந்தப்புறம் அண்ணி இப்படித் திரும்பிப் பாத்தாங்க. ஷட்டருக்குக் கீழ நான் ஒக்காந்திருக்கறது தெரிஞ்சு போச்சு. மயக்கமெல்லாம் இல்லண்ணா, நல்லாத் தெளிவா, பாய், பாய்னு ரெண்டு தரம் கூப்ட்டாங்க. நான் எழுந்து வந்து, மீதி ஷட்டரையும் எறக்கிட்டேன்.