கல்யாண மண்டபத்தைக் காலி செய்த கும்மி

தலைமை நாற்காலியின் நுனியில் அமர்ந்து, தங்கை எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறாளோ என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், என் உடன்பிறந்த அண்ணன் கதிர்வேல் அவர்களே! ஊரையே ஆட்டிவைத்துவிட்டு, இன்று மேடையில் அசையாமல் அமர்ந்திருக்கும் விழா நாயகி, டி.ஜே. ரம்ஷா அவர்களே! புதுமணத் தம்பதி இளவேனில், ஆல்வின் அவர்களே! கணபதியிலிருந்து வந்து கௌரவித்திருக்கும் சம்பந்தி வீட்டுச் சான்றோரே! முன்வரிசைப் பெரியோரே! பெரியோரை அதட்டி உட்காரவைத்த தாய்மாரே! நாற்காலி காலியாக இருந்தும் ஸ்பீக்கரை விட்டு நகராத இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அன்புக்கரசியின் அடக்கமான... அண்ணன் சிரிக்கிறார். சரி, அடங்காத வணக்கம்!

உங்களை ஒன்று கேட்கிறேன். கூட்டத்தைக் கூட்டுவது எளிது. கூடிய கூட்டத்தை நகர்த்துவது எளிதா? எங்கள் அண்ணனைக் கேளுங்கள். பொள்ளாச்சி ரோட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். "உள்ளே போங்க சாமி, உள்ளே போங்க" என்று படிக்கட்டைப் பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்தவர். ஒருவராவது உள்ளே போனதுண்டா? போனதுண்டா அண்ணா? பாருங்கள், தலையாட்டுகிறார், இல்லையாம்!

அப்படிப்பட்டவர், தம் மகள் கல்யாணத்தில் கற்றுக்கொண்ட பாடம்தான் இன்றைய பேச்சு.

பீளமேட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் எங்கள் இளவேனிலும், கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஆல்வினும் காதலித்தார்கள். இங்கே குங்குமம், அங்கே சிலுவை. இரண்டு வீடும் யோசித்தது, முறைத்தது, முடிவில் சம்மதித்தது. தாலிக்கு ஒத்துக்கொண்ட அண்ணன், மோதிரத்துக்கு ஒத்துக்கொண்ட அண்ணன், கேக் வெட்டவும் ஒத்துக்கொண்ட அண்ணன், ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. டி.ஜே!

"மேளம் இருக்குது, ஜமாப் கொட்டு இருக்குது. அந்த டமால் டுமீல் எதுக்கு கண்ணு நமக்கு?"

"டி.ஜே. எங்கூடப் படிச்ச புள்ளதாம்ப்பா. வந்துட்டுப் போகட்டும்."

வந்தாள் ரம்ஷா. கோட்டைமேட்டுப் பெண். மாலை வரவேற்பு, மாடியில் கூடம். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள், நடுவே வெறும் தரை. அந்தத் தரையில் ஒரு குழந்தைகூட ஓடவில்லை. ரம்ஷாவோ கருவிக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங் அம்மணி, பாட்டுப் போடாம என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?"

"காலைப் பாக்கறேன் அங்கிள்."

"காலையா?"

"மூஞ்சி சும்மா முறைச்சுட்டு இருக்கும். காலுதான் உண்மை பேசும். அந்தப் பச்சைச் சேலை அக்கா கட்டைவிரலைப் பாருங்க."

பச்சைச் சேலை யார்? நம் பால் சொசைட்டிச் செயலாளர் குழந்தையம்மாள் அக்கா! மூட்டுவலி, முகத்திலே முறைப்பு. ஆனால் நாற்காலிக்கு அடியில் அவர் கட்டைவிரல் கள்ளத்தனமாய்த் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கோபிக்காதீர்கள் அக்கா, கட்டைவிரல் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்த ஒரு விரலுக்காக ஒரு பாட்டைப் போட்டாள் ரம்ஷா. சத்தமாக அல்ல, சன்னமாக. விரல் பாதமானது, பாதம் முழங்காலானது, அக்கா எழுந்துவிட்டார். அதைப் பார்த்துச் சிரித்த ஆல்வினின் சித்திமார் நால்வர், சிரித்த குற்றத்துக்காக அவர்களும் எழுந்தார்கள். பாட்டின் உச்சியில் சட்டென்று சத்தத்தை நிறுத்தினாள். விட்ட வரியைக் கூடமே பாடியது! உடனே தாளத்தைத் திறந்துவிட்டாள், கூடமே குதித்தது! ஏற்றினாள், இறக்கினாள், ஏங்கவைத்தாள், எழவைத்தாள். ஆடிக் களைத்தவரை உட்காரவிட ஒரு மெல்லிசை, உட்கார்ந்து சலித்தவரை இழுக்க ஒரு குத்துப்பாட்டு. எந்தக் கை எந்தக் கையைப் பிடித்ததென்று யாருக்கும் தெரியாது. நடுத்தரை நிறைந்துவிட்டது!

என்ன தம்பி? நான் ஆடினேனா என்றா கேட்கிறாய்? தமிழாசிரியை ஆடலாமா? அசைந்தேன். நேரசை, நிரையசை இரண்டும் அசைந்தேன். உட்கார்.

சிரித்தோம். இனிச் சிரிக்க முடியாத இடம்.

கீழே, பின்கட்டுச் சமையலறையிலிருந்து சமையல் மாஸ்டர் ராமுலு ஓடிவந்து அண்ணன் காதில் சொன்னார். "சிலிண்டர் வால்வு போயிருச்சுங்க. அடைக்கவே முடியலை. ரூமெல்லாம் கேஸ் நெறஞ்சுபோச்சு. எங்க ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க, ஃபயர் சர்வீசுக்கும் சொல்லியாச்சு. மேல இருக்கறவங்கள எறக்குங்க. சுவிட்ச் எதையும் போடாதீங்க."

மாடியில் அத்தனை பேர். இறங்க ஒரே படிக்கட்டு. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், கைத்தடிக்காரர்கள். அண்ணன் பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினார். ரம்ஷா அதன் வாயைக் கையால் பொத்தினாள்.

"என்ன அங்கிள்?"

சொன்னார். அவள் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மைக்ல கேஸ்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, மொத்தப் பேரும் அந்தப் படிக்குத்தான் ஓடுவாங்க. நெருப்புக்கு முன்னாடி நெரிசலே கொன்னுபோடும். எனக்கு ரெண்டு பாட்டு நேரம் குடுங்க அங்கிள்."

"வெளையாடற நேரமா கண்ணு இது?"

"வெளையாட்டாத்தான் எறக்கணும். நீங்க முன்னாடி ஆடிட்டுப் போங்க. சிரிச்சுட்டே போங்க."

மைக்கில் அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம்! எல்லாரும் கீழ முன்வாசல் திடலுக்கு! பெரியவங்க முன்னாடி, அவங்க வேகத்துலதான் நாம. பாட்டு வந்தா நடக்கணும், பாட்டு நின்னா நின்ன எடத்துலயே கும்மி. தப்புப் பண்றவங்க மாப்பிள்ளை முன்னாடி தனியா ஆடணும்!"

எங்கள் ஊரில் தண்டனைக்குப் பயப்படாதவர் உண்டு. தனியாக ஆடப் பயப்படாதவர் உண்டா? ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை!

வேகப் பாட்டு விலகியது, நிதானமான கும்மித் தாளம் வந்தது. வேகத் தாளத்துக்குக் கால் ஓடும், படிக்கட்டில் ஓடலாமா? படி நிறைந்தால் பாட்டை நிறுத்துவாள். நின்று கை தட்டினோம். படி காலியானால் பாட்டை விடுவாள், நடந்தோம். ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்ட இளைஞர்கள் மட்டும் நகரவில்லை. என்ன செய்தாள்? கூடத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, வெளிக்கேட்டில் வரவேற்புக்கு வைத்திருந்த ஸ்பீக்கரை உயர்த்தினாள். சத்தம் போன திசையில் இளைஞர் சமுதாயமும் போய்விட்டது. போங்கள் என்று சொல்லவில்லை, போனார்கள். வாருங்கள் என்று அழைக்கவில்லை, வந்தார்கள்!

முன்னால் எங்கள் அண்ணன். வேட்டியை மடித்துக்கட்டி, இரு கையையும் உயர்த்தி, அப்படியொரு ஆட்டம்! கண்ணில் நீர் வழிந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த ஆனந்தக் கண்ணீர் என்று நாங்கள் நெகிழ்ந்தோம். அது பயம், ஐயா, பயம்! பயந்துகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே ஆடினார். ஆடியதற்காகக் கேலி செய்வேன், அண்ணா; ஆடிய துணிச்சலுக்கு வணங்குகிறேன்.

திடலுக்கு வந்து அண்ணன் தேடிப் பார்க்கிறார், குழந்தையம்மாள் அக்காவைக் காணோம். ரம்ஷாவையும் காணோம். பாட்டு மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

மாடியில் அக்கா அசைய மறுத்திருக்கிறார். "நான் இன்னும் சாப்பிடலை கண்ணு. பந்தியப் பாக்காம எங்கயும் வர மாட்டேன்."

"பந்தியே கீழதானுங்க்கா. வாங்க, கையைக் குடுங்க."

பாட்டைத் தானாக ஓடவிட்டு, அவரைத் தோளில் தாங்கி, படிப்படியாக இறக்கினாள். கேட்டருகே வந்ததுதான் தாமதம். எங்கிருந்தோ ஒரு பொறி. பின்கட்டில் பெரும் வெடிச் சத்தம்! கண்ணாடிகள் சிதறின. மின்சாரம் போனது. பாட்டு செத்தது.

அந்த ஒரு நொடியில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. ஒருத்தி வீறிட்டாள். கூட்டம் கேட்டை நோக்கித் திரும்பியது. கேட்டுக்கு வெளியே என்ன? பொள்ளாச்சி ரோடு. லாரியும் பஸ்ஸும் பறக்கும் ரோடு. நெருப்பிலிருந்து தப்பிய பிள்ளைகள் சக்கரத்தை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்!

இப்போது எங்கே கருவி? எங்கே மின்சாரம்? எங்கே மைக்? ஒன்றுமே இல்லை.

ரம்ஷா கேட்டின் குறுக்கே நின்று கை தட்டினாள். கும்மித் தாளம். பாட்டு நின்றால் நின்ற இடத்தில் கும்மி என்று சொன்ன அதே பெண்! பக்கத்தில் குழந்தையம்மாள் அக்கா தட்டினார். ஆல்வினின் சித்திமார் தட்டினார்கள். ஓடிய கால்கள் தயங்கின. தயங்கிய கைகள் தட்டின. சுவர் போல நின்றோம், ஐயா! தீயணைப்பு வண்டி வரும்வரை, அழுதுகொண்டே கும்மியடித்தோம். இங்கே குங்குமமும் அங்கே சிலுவையுமாய் வந்தவர்கள், யார் பிள்ளை யார் இடுப்பில் என்று தெரியாமல் நின்றோம். ஒரு உயிருக்கும் ஒரு கீறல் இல்லை!

மறுநாள் ரம்ஷாவின் தாயார் பக்ருன்னிசா எனக்குப் போன் செய்தார். அதுவரை அக்கம்பக்கத்தில் மகள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாகவே சொல்லிவந்தவர். ஒன்றே ஒன்று கேட்டார்.

"டீச்சர், எல்லாரையும் அனுப்பிட்டு எம்பொண்ணு மட்டும் ஏன் கடைசியா வந்தா?"

ரம்ஷாவிடமே கேட்டேன். "பாட்டு தடுமாறினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க டீச்சர். படியில திரும்பினா விழுந்துருவாங்க. அதான் நின்னேன்" என்றாள்.

அதைத் தாயிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை அவளையும் முன்னாடி வரச் சொல்லுங்க."

அன்பர்களே! ஆயிரம் பேரை ஆடவைப்பவரை வெறும் சத்தம் போடுபவர் என்று இனி எவரும் சொல்லாதீர். ஆடுகிற காலை நம்பி, அந்தக் காலுக்குப் பொறுப்பேற்று, அது பத்திரமான தரையில் பதியும்வரை தன் காலை நகர்த்தாதவளே கலைஞர்! அவளைத்தான் நாம் இன்று கொண்டாடுகிறோம்!

பொன்னாடை போர்த்துவது அவைத்தலைவர் என்று அழைப்பிதழ் சொல்கிறது. மன்னித்துவிடுங்கள், அண்ணா, அதை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில், யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பக்ருன்னிசா அம்மா, மேடைக்கு வாருங்கள். உங்கள் மகளுக்கு நீங்களே போர்த்துங்கள். இந்தப் பிள்ளை என்ன வேலை பார்க்கிறாள் என்று இந்த மைக்கில் நீங்களே சொல்லுங்கள்.

வழிவிடுங்கள், இளைஞர்களே. பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி, பேசவிட்ட மன்றத்துக்கு நன்றி, பொறுத்துக்கொண்ட அண்ணனுக்குப் பெரிய நன்றி. எல்லோரும் நல்லா இருங்க. அம்மா வாராங்க, மைக்கை இறக்கிக் குடுங்க.