இடது கை வீரர்கள்

இல்ல தம்பி, தப்பா எல்லாம் வரையல. இந்த விளையாட்டு அட்டைல பன்னெண்டு வீரனும் இடது கையிலதான் வாள் பிடிச்சிருக்கான், தெரிஞ்சேதான் வரைஞ்சேன். ஸ்கேன் பண்ணப்ப யாராவது படத்தை இடவலமாத் திருப்பிட்டாங்களோன்னு உங்க ஆபீஸ்ல சண்டையாமே. யாரும் எதையும் திருப்பல. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

இவனைப் பாருங்க, பனிக்கவசக்காரன். வாள் நுனியைத் தரையில போட்டுட்டு, வந்து வெட்டேன்னு ஏமாளி மாதிரி நிக்கிறான். அது தந்திரம். அந்தக் காலத்து வாள் வீரனுங்க நிஜமாவே அப்படி நின்னு எதிராளியை உள்ள இழுத்திருக்காங்க. இவன் நெருப்பு வாள்காரன், வெட்டாம வாளோட பிடியால முகமூடியில இடிக்கிறான். கவசம் போட்டவனை வெட்டுனா சத்தம்தான் வரும், இடிச்சாத்தான் தலை சுத்தும். இதையே இடது கைக்காரன் செஞ்சா எதிர்ல நிக்கிறவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பழகாத பக்கத்துலேர்ந்து அடி வருதுல்ல? அதான் அட்டைக்குப் பின்னாடி திகைப்புன்னு ஒரு சக்தி போட்டு, புள்ளியும் கூடக் குடுத்திருக்கேன்.

கேடயமா? இந்த செட்டுல கேடயம் கிடையாது.

என்னது, எல்லாம் பீச்சாங்கைப் பயலுங்களா இருக்கானுங்கன்னா சொன்னாங்க உங்க ஆபீஸ் பசங்க? சிரிப்புதான் வருது. சிரிக்கத்தான் தெம்பு இல்ல.

கொஞ்சம் இருங்க. ஆங், குளிக்கப் போயிட்டார். குழாய் ஓடுற வரைக்கும் பேசலாம், அந்தச் சத்தத்துல உள்ள எதுவும் கேக்காது. இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசுனது உங்களுக்காக இல்ல தம்பி, அவருக்குக் கேக்கணும்னுதான்.

உங்களுக்குக் கதவைத் திறந்தாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். இதுவரைக்கும் நீங்க வித்த அத்தனை வீரனும் அவர்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலை, நல்லா இறுகுன உடம்பு. சாயங்காலம் வந்ததும் ஒட்டடைக் கம்பைக் கையில குடுத்து நில்லுங்கன்னா நிப்பார். குப்பைத்தொட்டி மூடிதான் கேடயம். கை கடுக்குதுடி, சீக்கிரம் வரைஞ்சு தொலைன்னு திட்டிக்கிட்டே நிப்பார். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது பக்கம் போயிடுச்சு. கால் கொஞ்சம் தேறுச்சு, கைதான் வரல.

கையை விடுங்க, மனசு விட்டுப்போச்சு. செவுத்தைப் பாத்துப் படுத்தாருன்னா படுத்ததுதான். எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க ஒரு பொண்ணு வரும், நாளைக்குப் பாக்கலாம்மான்னு அனுப்பிடுவார். நானும் கெஞ்சியாச்சு, கத்தியாச்சு, அழுதும் பாத்தாச்சு. ஒருநாள் பென்சிலை வச்சுக்கிட்டு, ஆள் நிக்காம நான் எதைப் பாத்து வரையுறதுன்னு சும்மா அலுத்துக்கிட்டேன். மனுஷன் செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, இன்னிக்கு யாரை வரையப்போறேங்கிறார். கம்பை இடது கையில எடுத்துக்கிட்டார். அன்னிலேர்ந்து ஒருநாள் விடாம நிக்கிறார். எனக்குத்தான் முடியல. சமைச்சு, துவைச்சு, சட்டை மாட்டிவிட்டு, அப்புறம் அவரை நிக்கவச்சு வேற வரையணும். எனக்கே என்னை யாராவது தூக்கி நிறுத்துனா தேவலைன்னு இருக்கும்.

உங்களைக் குத்தம் சொல்லல. வலது கை வீரன்தான் வேணும்னு மேல சொல்லிட்டாங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. அந்த நீலப் பையை எடுங்க. பிரிச்சுப் பாருங்க. பன்னெண்டும் இருக்கா? எல்லாம் வலது கை, கேடயத்தோட. பழைய போட்டோவை வச்சு எப்பவோ வரைஞ்சு முடிச்சுட்டேன். அவர் நிக்கணும்னே அவசியம் இல்ல. அனுப்பிட்டியா அனுப்பிட்டியான்னு தினம் கேட்டார், அதான் அவர் நின்னதை உங்களுக்கு அனுப்புனேன்.

அச்சாகி வந்தப்புறம் அவருக்குத் தெரிஞ்சுடுமேன்னா? வரட்டும், அப்பப் பாத்துக்கலாம். இன்னிக்குப் பொழுது போனாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு.

குழாயை மூடிட்டார். பையைத் தோள்ல மாட்டிக்கோங்க. ஒரே ஒரு உதவி தம்பி. வெளிய வந்ததும் படம் எப்படின்னு கேப்பார். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, அடுத்த செட்டுக்கு ரெண்டு கையாலயும் பெரிய வாளைப் பிடிக்கிற ஆள் வேணும், கம்பெனியில கேட்டிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா முறைப்பார். நீங்க கேட்டா அந்த வலது கையைத் தூக்கியாவது பாப்பார்.