சீலை மூட்டைக்கு எத்தனை புள்ளி

ஒட்டுசுட்டானில் பஸ் ஏறிய ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். கம்பஸில் படிக்கிற வயது. அவன் மடியில் ஒரு கொப்பி விரிந்திருந்தது.

"ஷெல் விழுந்தா ரெண்டு கட்டை உருட்டோணும்" என்று அவன் சத்தமாகச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேசையைச் சுற்றியிருந்து ஒருவர் போர்க்கதை ஒன்றை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகித் தாயக்கட்டை உருட்டும் விளையாட்டாம். நடத்துபவன் அவன். ஆயுதங்களுக்கு ரூல்ஸ் எழுதிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் உண்மை மாதிரி இருக்கோணும். இல்லாட்டி ஆர் நம்புவினம்? மண்மூட்டைக்குப் பின்னால இருந்தா காயத்தில நாலு புள்ளி குறையும்."

"மூட்டை என்னத்தில தைச்சது?" என்று அவள் கேட்டாள்.

"அது ரூல்ஸ் புத்தகத்தில இல்லை. இல்லாததை நடத்துறவன்தான் முடிவெடுக்கிறது."

"சீலையில தைச்சதெண்டா?"

"அப்ப ரெண்டு."

"கூறைச்சீலை?"

அவன் சிரித்தான். "பட்டு தடிப்பெல்லோ. மூண்டு போடுறன்."

"சைபர் போடு. அம்மான்ர கூறையைக் கிழிச்சுத் தைச்ச மூட்டைக்குப் பின்னால நாங்கள் நாலு பேர் இருந்தனாங்கள். மற்ற மூண்டு பேரையும் அங்கயேதான் குழி வெட்டித் தாட்டது."

அவன் மூன்றை வெட்டிவிட்டுச் சைபர் எழுதினான். கொஞ்சத் தூரம் போனபின் மெல்லக் கேட்டான்.

"அப்ப நீ எப்பிடித் தப்பினனி?"

"அதைப் புத்தகத்தில தேடாத." அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவும் நடத்துறவன்ர முடிவுதான். கட்டைகூட உருட்டேல்லை."