ஜன்னல் சீட்டு

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் அக்காவும் தங்கையும் பஸ் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா நல்ல பருமன். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.

"உனக்கென்னக்கா, குடுத்து வச்சவ," என்றாள் ஒல்லியான தங்கை. "மெயின்லேண்டு சென்னைக்கு ரெஃபர் எழுதிட்டாங்க. பிளைட்டுல போவே. எனக்குத்தான் ஒரு நோயும் வர மாட்டேங்கு."

"ஏட்டி கூறுகெட்டவளே, டாக்டர் சொன்னதக் கேட்டேல்லா? கொழுப்பு சும்மா கெடக்காதாம். உள்ளுக்குள்ள ஆறாத புண்ணு மாதிரி அழற்சியக் கெளப்பிக்கிட்டே இருக்குமாம். அது ரத்தத்தோட போயி ஹார்ட்டையும் கிட்னியையும் சேத்துக் கெடுக்குதாம்."

"ஒரே சட்டி மீனத்தான் ரெண்டு பேரும் திங்கோம். சதை உனக்குத்தான் போடுது. சின்னதுல புதுப் பாவாடை உனக்குத்தான். இப்ப சென்னையும் உனக்குத்தான்."

அக்கா மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"கூட வாற ஆளுக்கும் சர்க்காரு டிக்கெட் உண்டு. உம் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அத்தான் பேர எழுதலியா?"

"அவரு என்னப் பாத்துப் பாத்து அழுவாரு. உனக்கு இருக்க வயித்தெரிச்சல்ல அழுகையே வராது."

"சிப்பிகாட், உதரோ!" என்று கண்டக்டர் இறங்கச் சொன்னார்.

தங்கை குனிந்து அக்காவின் காலில் செருப்பை மாட்டப் பார்த்தாள். ஏறவில்லை. இரண்டு செருப்பையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அக்காவைப் பிடித்து இறக்கினாள்.

"பிளைட்டுல ஜன்னல் சீட்டு எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."