அவன் காதுக்கு மட்டும்

மாலை நாலரை மணிக்கு வானொலியில் பழைய பாட்டுகள் போடுவார்கள். எனக்கும் பாட்டு பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டே பிடிக்காதவன் என்று என்னைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது.

எங்களுடையது பஞ்சர் கடை. எங்களுடையது என்றால் மாமனாருடையது. அவர் முட்டி தேய்ந்து வீட்டோடு இருந்துவிட்ட பிறகு நான்தான் நடத்தினேன். என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அந்தக் கடை வருமானத்தில்தான். முன்பக்கம் ஜாக்கி, தண்ணீர்த் தொட்டி, டயர் அடுக்கு. அரைச்சுவருக்குப் பின்னால் காற்று கம்ப்ரஸர். தரை முழுக்க ரப்பர் கறுப்பு. எத்தனை கழுவினாலும் போகாது.

மனைவியின் தம்பி வேறு இரண்டு வேலைகளை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தான். வந்த வாரமே ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். காலையில் ஷட்டர் ஏறும்போது பாட ஆரம்பித்தால் இறங்கும்போதுதான் நிற்கும்.

அவன் கெட்டிக்காரன். ட்யூபைத் தண்ணீரில் முக்க மாட்டான். காதருகே பிடித்து மெல்லச் சுழற்றுவான். ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். "இங்க ஒளிஞ்சிருக்கியா?" என்று ஓட்டை மேல் விரலை வைத்துவிடுவான். அவ்வளவு நல்ல காது. வண்டிக்காரர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். "பாட்டுக் கடையில போய்க் காத்து அடிச்சிட்டு வா" என்று தெருவில் சொல்லத் தொடங்கினார்கள். அவன் வெளியே போயிருந்தால் காத்திருப்பார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

கம்ப்ரஸரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் தொட்டியில் காற்று நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. எங்கள் சுவிட்ச் பழையது, சில நாள் ஒட்டிக்கொள்ளும். அப்போது மிஞ்சிய காற்று, தொட்டி வெடிக்காமல் இருக்க, சேஃப்டி வால்வு வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய் சுவிட்ச் பெட்டியை ஸ்பானரால் ஒரு தட்டு தட்டுவான். மோட்டார் நிற்கும்.

"மாமியார் கத்த ஆரம்பிச்சிட்டாங்க" என்பான்.

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேடா" என்பார் யாராவது ஒரு டிரைவர்.

"பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி மாமியாரப் பழகிக்கணும்ணே."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் சொன்னார்: "கடைய தம்பி பேருக்கு எழுதிடலாம்னு இருக்கேன், மாப்ள. அவனுக்குப் பொண்ணு பாக்கணும்ல, சொந்தக் கடைன்னாத்தான் தருவாங்க. நீங்க எங்க போகப்போறீங்க, கூடவே இருங்க."

என் மனைவி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. நல்ல முடிவு என்று நான் சொன்னேன். அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "மாமா இல்லாம நான் என்னப்பா பண்ணுவேன், எனக்குக் கணக்கே வராதே" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அவனுக்குப் பொய் வராது.

அடுத்த வாரம் இசை உரிமைச் சங்கத்துக்கு போன் செய்தேன். கடையில் பாட்டு போட்டால் இவர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். பக்கத்து முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் அவர்களுடைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஒரு கடையில் அனுமதியில்லாமல் நாள் முழுக்க ரேடியோ ஓடுகிறது என்றேன். முகவரி கேட்டார்கள். எங்கள் முகவரியைச் சொன்னேன்.

இதில் தவறு இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. பாட்டு எழுதியவனுக்கும் குடும்பம் இருக்கும்.

வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் பை. கறை படியாத இடம் தேடி, கிடைக்காமல், ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ரேடியோக்காரன் காசு குடுத்துத்தானே சார் போடறான்?" என்று மச்சினன் கேட்டான்.

"அது அவங்க ஒலிபரப்பறதுக்கு. நீங்க கடைக்கு வர்றவங்களுக்குக் கேக்க வைக்கறது வேற."

"நான் டயருக்குத்தான் சார் போடறேன். பாட்டு கேட்டா சீக்கிரம் கழலுது."

காத்திருந்த லாரி டிரைவர், "நான் காதப் பொத்திக்கிட்டுத்தான் சார் உக்காந்திருக்கேன், என்னக் கழிச்சிடுங்க" என்றார்.

அந்த மனிதரும் சிரித்துவிட்டார். "எனக்கும் இது பொழப்புதாங்க. ஒண்ணு கட்டணத்தக் கட்டுங்க. இல்ல, உங்க காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி வெச்சுக்கங்க. அதுல நாங்க தலையிட முடியாது."

ஒரு வருடக் கட்டணம் ஒரு நல்ல டயர் விலைகூட இல்லை. "நானே என் கைக்காசுல கட்டிடறேன் மாமா" என்று அவன் சொன்னான். எதற்குத் தண்டம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் அவனுக்கு இயர்போன் வாங்கினேன். காதுக்குள் இறுக்கமாக உட்காரும் ரப்பர் வைத்தது. விலை குறைந்ததில் வெளிச்சத்தம் உள்ளே வரும் என்றார் கடைக்காரர். வராததைக் கேட்டு வாங்கினேன். செல்போனிலேயே ரேடியோ கேட்கலாம் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். சந்தோஷப்பட்டான். என் மனைவி அன்று இரண்டு முறை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சமீபத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த நேரத்தில் எனக்கு எந்த எண்ணமும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கடை கொஞ்சம் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அமைதியாக இருந்தது. ஆனால் வண்டிக்காரர்கள் அவனைத்தான் தேடி வந்தார்கள். தோளில் தட்டுவார்கள், அவன் ஒரு காதிலிருந்து கழற்றுவான், சிரிப்பு தொடங்கும்.

ஒரு மத்தியானம் கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டயரை நெம்பிக்கொண்டிருந்தான். "தம்பி" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்கடுத்து நான் கூப்பிட்டது முடிதிருத்துபவருக்குக் கேட்டு, அவர் வெளியே எட்டிப் பார்த்தார். இவன் தலையை ஆட்டிக்கொண்டு வேலை செய்தான். நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன். என் கையில் வீல் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். யாராவது வேறு மாதிரி நினைக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

அதே வாரம் வால்வு சீறியது. அவனுக்குக் கேட்கவில்லை. நான் போய் சுவிட்ச் பெட்டியைத் தட்டிவிட்டு வந்தேன். நான் போனதும் வந்ததும் அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. நான் மட்டும் போய் வால்வைக் கழற்றினேன். அது லேசாகக் கசிந்துகொண்டுதான் இருந்தது. கசிவு வீண் செலவு. அந்தத் துளையில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கினேன். உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். சுவிட்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

திங்கட்கிழமை அவனிடம், "வால்வ சரி பண்ணிட்டேன், இனிமே கத்தாது" என்றேன்.

"மாமியார் வாயவே அடச்சிட்டீங்களா மாமா" என்றான்.

அன்றிலிருந்து காலையில் எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன். அதற்கு முன் அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான் எதையும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் காலையில் நான் எதையும் தொடக்கூட இல்லை. இயந்திரம் நின்றிருந்தால் நின்றிருக்கும்.

நான் பாதி டீ குடித்திருந்தபோது, நிற்க வேண்டிய நேரம் தாண்டியும் மோட்டார் ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் குரல் கனத்தது. மூட்டை தூக்குபவன் மூச்சைப் போல. அதைத் தெருவில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

டீக்கடைக்காரர், "என்னண்ணே, உங்க மோட்டார் ரொம்ப நேரமா ஓடுதே" என்றார்.

"தம்பி இருக்கான், பாத்துக்குவான்" என்றேன். இன்னொரு டீ கேட்டேன்.

அங்கிருந்து அவன் முதுகு தெரிந்தது. அரைச்சுவரில் சாய்ந்து ட்யூபுக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தான். தலை ஆடியது. தெருவைக் கடக்க எனக்குப் பத்து எட்டுகூட ஆகாது. இரண்டாவது டீ வந்தது. சூடாக இருந்தது. ஆற்றினேன்.

பிறகு அரைச்சுவர் இல்லை.

உறவுக்காரர்கள் எல்லாரும் இயர்போனைத் திட்டினார்கள். கட்டணம் கேட்டு வந்த அந்த மனிதர் சாவு வீட்டுக்கு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தெருப் பையன்கள் அவரை அடிக்கப் போனார்கள். நான்தான் தடுத்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை என்று இப்போது கேள்விப்படுகிறேன். அது நியாயமில்லை. நீங்கள் கேட்டதும் மறைக்காமல் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். செய்யாததற்கு ஒருவர் வருந்தக் கூடாது.

மாமனார் கடையை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சுவர் பாதி எழும்பிவிட்டது. என் மனைவி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். வெடித்த நொடியில் தம்பிக்கு வலி தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்பாள். தெரிந்திருக்காது என்பேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். நான் அவனை வெறுத்ததில்லை. அவனைப் போல ஒரு பையன் கிடைக்க மாட்டான்.

சாகும் முன் அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டீர்கள். மறுநாள் சாயங்காலம் வரை நினைவு இருந்தது. காது இரண்டும் போய்விட்டன. அதனால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் பேசினான். நான் கட்டிலருகே உட்கார்ந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தான்.

"என்மேல தப்பு மாமா. நீங்க கூப்பிட்டிருப்பீங்க, எனக்குத்தான் கேக்கல. ரொம்ப நேரம் கூப்பிட்டீங்களா?"