இடது ஓரத்து விரல்கள்

"அந்தப் படம் முழுசா உங்கிட்ட இருக்கா யோகேஸ்?" என்று என் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"இடப்பக்கம் சரியில்லை. கூட்டம் அதிகம்," என்றேன்.

"போராட்டத்துல கூட்டம் இல்லாம? கல்யாண மாப்பிள்ள மாதிரி நான் மட்டும் தனியா நிப்பேனா?"

சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினேன். யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.

திறப்பு விழா முடிந்த பிறகும் புகைப்படக் கண்காட்சிக் குழு உங்களை அனுப்பியிருப்பது அந்தப் படத்தின் நெகட்டிவுக்காக என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில் என் அப்பா சபாபதி ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் படம் எடுப்பார், நான் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவேன். தோட்டத் தொழிலாளர்கள் குடும்பப் படம் எடுக்க வருவார்கள். கைக்குழந்தை இருந்தால் யாரிடமாவது கொடுத்து வெளியே நிறுத்திவிடுவார்கள். ஒரு வயது நிறையாத பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்களும் வற்புறுத்துவதில்லை. பிறந்தநாள் கழித்து அழைத்து வாருங்கள் என்போம்.

லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறியபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீடு கொடுக்காமல் நகரமாட்டோம் என்று மக்கள் புல்டோசருக்கு முன்னால் போய் நின்றார்கள். அப்பா எடுத்த படம் அதுதான். நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றவர் சுகுமாறன். பிறகு எனக்குக் கணவரானார். சிலோன்காரர் வீட்டுப் பெண் தோட்டத்துப் பையனைக் கட்டுவதா என்று என் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. நான் அவருக்காக விட்டுவந்தது கொஞ்சமல்ல. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் இடப்பக்கம், அவரை ஒட்டி, அதே தோட்டத்துச் செல்வராணி, இடுப்பில் கைக்குழந்தையோடு. அன்றைய பரபரப்பில் குழந்தையின் முகத்தை மூட யாருக்கும் தோன்றவில்லை. அது கேமராவைப் பார்த்துச் சிரித்தது. ஒரு கையால் அவருடைய சட்டைக் கையைப் பற்றியிருந்தது. அறியாத ஆளின் சட்டையைக் குழந்தை அப்படிப் பற்றாது என்று இருட்டறையில் நின்று நினைத்துக்கொண்டேன்.

பிரிண்ட் போடும்போது இடப்பக்கத்தை விட்டுவிட்டேன். படத்தின் தகுதி பார்த்துத்தான் செய்தேன். ஒரு படத்துக்கு ஒரு மையம்தான் இருக்க வேண்டும். அத்தனை கோபத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை சிரித்தால் பார்ப்பவர் மனம் அங்கே போய்விடும். அப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன். அவரும் சரி என்றார். சட்டையைப் பற்றியிருந்த குழந்தையின் விரல்களை மட்டும் நீக்க முடியவில்லை. நீக்கினால் அவருடைய கையும் போய்விடும். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. வீடுகளும் கிடைத்தன. ஆகவே என் தீர்ப்பு தவறில்லை.

முதல் பிறந்தநாள் வருவதற்குள் அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. சாவுக்கு அவர் போனார். எனக்குக் கடையில் வேலை இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கோவில் திருவிழாவில் செல்வராணி அவரோடு பேசிக்கொண்டு நிற்பாள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள்.

"செல்வி உங்கிட்ட ஒன்னு கேக்கணுமாம்," என்று ஒருமுறை அவர் ஆரம்பித்தார்.

"அவளுக்கு வாய் இல்லையா?"

"நீ மொறச்சா யாருக்குத்தான் வாய் வரும்?" என்றார். அதோடு விட்டுவிட்டார். இன்னொருத்தி கணவனைப் பற்றி ஒரு பெண் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்க விடாமல் பார்த்துக்கொண்டேன்.

போன வருடம் அவர் காலமானார். இந்த வருடம் குளுவாங்கில் உங்கள் கண்காட்சி. முகப்புச் சுவரில் எந்தப் படம் என்று முடிவு செய்ய மூன்று பேரை உட்காரவைத்தீர்கள்: நான், ஓய்வுபெற்ற ஆசிரியர் லெட்சுமணன், கல்லூரியில் பாடம் நடத்தும் லோஷினி. லோஷினி மரியாதையான பெண்தான். படத்தின் இடது ஓரத்தைக் காட்டி, "ஆன்ட்டி, இது யாரு விரல்? யாரையோ வெட்டி எடுத்த மாதிரி இருக்குலா," என்றாள்.

வீட்டுக்காக ஒரு தோட்டமே நின்றது, படத்தில் ஓர் ஆள்தான் நிற்கிறார், இது வரலாறு ஆகுமா என்பது அவள் கேள்வி. நான் பொறுமையாக விளக்கினேன். குழந்தையைக் காட்டிக் கண்ணீர் வாங்குவது மலிவான வேலை என்றேன். குழந்தை என்று அவள் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. லெட்சுமணன் ஐயா தலையாட்டினார். லோஷினி என்னையே பார்த்துவிட்டு, நெகட்டிவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூவரும் ஒரு குடும்பம் போல நின்றார்கள். என் கணவரும் நானும் அப்படி ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நகம் வெட்டும் கத்தரியால் அவரைத் தனியாக வெட்டி எடுத்துவைத்தேன். மற்ற துண்டை மைலோ டின்னுக்குள் போட்டுக் கொளுத்தினேன். சுருண்டு உருகிவிட்டது. உங்கள் குழுவிடம் நெகட்டிவ் வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். ஜொகூரில் வெள்ளம் என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்தக் குழந்தைக்கு வேறு படம் இருந்திருக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டூடியோக்காரர் மகள் நான். ஆனால் அதற்காகவா கொளுத்தினேன்? என் கணவரை என் கணவராக வைத்துக்கொள்ளத்தான். நான் யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டையும் பிடுங்கவில்லை.

திறப்பு விழாவுக்குச் செல்வராணி வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. முகப்புச் சுவரில் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். இந்த முறை நான் போனபோது அவள் விலகவில்லை. என்ன கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பதிலை நான் பல வருடங்களாகத் தயாராக வைத்திருந்தேன். அவள் கண்ணாடி மேல், இடது ஓரத்தில், விரலை வைத்தாள்.

"ரொம்ப வருசமா கேக்கணும்னு இருந்தேங்க்கா. நீயே கேளு, அவ இல்லன்னு சொல்லமாட்டான்னு சுகுமாறன் அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்குத்தான் பயம். இது எம்பையன் வெரலு. ஒரு வயசு ஆவட்டும்னு நாங்க வேற படமே எடுக்கல. இப்ப அவன் மொகம் ஞாபகம் வரமாட்டேங்குது. மொகம் தெரியிற மாதிரி ஒன்னு போட்டுக் குடுங்கக்கா."