மகன் உண்டு

“மகன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அந்தத் தாத்தாவுக்கு நர்சு வந்திருக்கும்க்கா.”

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மடியில் டேப்லெட் இருந்தது. முதியோர் பராமரிப்புக்காக வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“எந்தத் தாத்தாடி?”

“தேவதானத்துல. மில்லுல வேலை பாத்தவிய. படுத்த படுக்கை, முதுகெல்லாம் புண்ணு. மகன் சூரத்துல இருக்கான், எட்டிக்கூடப் பாக்க மாட்டான். ஆனா மகன் உண்டுன்னு போட்டா, கவனிக்க ஆள் இருக்குன்னு கம்ப்யூட்டர் தள்ளிருது. மகன் வந்து பாக்கானான்னும் ஒரு கேள்வி சேருங்கன்னு ஆபீஸ்ல கேட்டேன். அடுத்த வருசம் பாப்போம்னுட்டாவ.”

“நீயே இல்லன்னு போட வேண்டியதான?”

“போடத்தான் போனேன். தாத்தா என் கையப் பிடிச்சிட்டாவ. ‘உசுரோட இருக்கவன இல்லன்னு எழுதாத தாயி, அவனுக்கு எதும் ஆயிரும்’னு அழுதாவ. உண்டுன்னே போட்டேன்.”

“பொறவு?”

“நர்சு வரல. அந்தப் பக்கம் போம்போதெல்லாம் நாந்தான் புண்ணத் துடைச்சு விட்டேன். எனக்கு வேற என்ன தெரியும்? போன வாரம் இறந்துட்டாவ.”



“மகன் வந்தானா?”

“வந்தான். ‘அப்பா என்னையத் தேடுனாராம்மா’ன்னு என்கிட்ட கேட்டான்க்கா. டேப்லெட்ட எடுத்து, தாத்தா பேருக்கு நேரா ‘மகன் உண்டு’ன்னு இருந்தத அவன்கிட்ட காட்டுனேன்.”